உன் நைனா சொல்லாத வார்த்தை

கர்த்தருடைய கிருபை உன்னைத் தாங்கும்படி தினமும் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிற அம்மா, என் மகனுக்கு எழுதுவது.

உன் கார்டு திங்கட்கிழமை வந்தது. பெங்களூர்க் குளிர் பழகிவிட்டது, சாப்பாடு பரவாயில்லை, உன்னோடு அறையில் இருக்கும் பையன் நல்லவன் என்று எழுதியிருந்தாய். கடைசி நாலு வரியில்தான் நீ எழுத வந்த விஷயம் இருந்தது. போதகர் படிப்புக்கு வந்த ஒவ்வொருவனும், தன்னை இந்த ஊழியத்துக்குக் கொண்டுவந்தது எது என்று எல்லார் முன்பும் சாட்சி சொல்ல வேண்டுமாம். நீ நைனாவின் கடைசி வார்த்தையைச் சொல்லப்போகிறாயாம். நைனா இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயசு, நான் ஊரிலும் இல்லை, அதனால் அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பும்மா என்று கேட்டிருந்தாய். அந்தக் கார்டைப் பள்ளிக்கூட மேஜைமேல் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நீ கேட்டபடி ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரைக்கும் நடுவில் எழுந்து போய்விடாதே, கண்ணு.

உன் நைனா எளாவூர்ப் பக்கத்தில் பிறர் வயலில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வயலை விட்டு ரயில்வே கேங்கில் சேர்ந்தவர் அவர்தான். தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்ததை இறுக்கி, ஜல்லி இறங்கின இடத்தை நிரப்புகிற வேலை. என்னைக் கட்டுவதற்கு முந்தின வருஷம்தான் ஞானஸ்நானம் வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாது. நானோ சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மகள், மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்து டீச்சர் ஆனவள். என்னை அவர் டீச்சர் என்றே கூப்பிடுவார், பாதி கேலியாக, பாதி மரியாதையாக. வீட்டு ஜெபத்தில் இரண்டு வரியோடு ஆமென் சொல்லிவிடுவார். நான் முழங்காலில் நின்றால் சீக்கிரம் எழுந்திருக்கமாட்டேன். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் ஜெபத்தை எல்லாரும் மெச்சுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இவருடைய விசுவாசம் சின்னது என்ற எண்ணமும் இருந்தது. அவரிடம் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் ஏரியில் தன் தம்பி முழுகிப்போனதைக் கரையில் நின்று பார்த்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கமாட்டார். நீ ஏழு வயதில் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்ததற்கு உன்னை அடித்தாரே, பிறகு அவரே உட்கார்ந்து அழுதாரே, அது அதனால்தான்.

ஆந்திரா தனியாகப் பிரிவதற்கு முந்தின மழைக்காலம் அது. நீ திருவள்ளூர் போர்டிங் பள்ளியில் இருந்தாய். நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வடக்கே கேங் குவாட்டர்ஸில் இருந்தோம். மூன்று நாளாக விடாத மழை, காற்று. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. உன் நைனாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் மதியம் மேஸ்திரி வந்து வாசலில் நின்றபடியே, எளாவூர்ப் பக்கம் ஓடைமேல் இருக்கிற சின்னப் பாலத்தை யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும், உன்னால் முடியுமா, முடியாதென்றால் சொல், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். இதை நீ கவனித்துப் படி. மேஸ்திரி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலைமையும் இல்லை. வேலைக்குப் பயந்துதான் அனுப்பினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

மேஸ்திரியை வாசலில் நிற்கவைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். கையைப் பார்த்தார், நடுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார்.

"ஜொரம் இல்ல டீச்சர். எனக்கு பயமா கீது."

அதுதான் உன் நைனா என்னிடம் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேசினதெல்லாம் நான். வாசலில் ஆள் நிற்கிறார், இவர் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின வாரம்தான் ஜெபக்கூட்டத்தில், கர்த்தரை நம்புகிறவனுக்குப் பயம் கிடையாது என்று பேசியிருந்தேன். அதே குரலில் அவரிடமும் பேசினேன். "நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி பேசாதீங்க. கர்த்தர் பாத்துப்பாரு. போய்ட்டு வாங்க" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷம் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தெரியாத பிள்ளை டீச்சரைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

மீதியை ரயில் டிரைவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாலத்தின் அடியில் மண் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் நைனா இந்தப் பக்கம் ஒரு கொடியை நட்டு, அது சாயாதபடி சுற்றிக் கல் அடுக்கினார். ஆனால் ரயில் வரவேண்டியது அந்தப் பக்கத்திலிருந்து. கூடூரிலிருந்து பாசஞ்சர் கிளம்பியிருந்தது. தொங்குகிற தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடுகிற தண்ணீருக்கு மேலே அவர் அந்தப் பக்கம் போனார். வாய்க்காலில் இறங்காதவர் போனார். அங்கே அடுத்த கொடியை நட்டு, வண்டிக்கு முன்னால் ஓடிக் கையை வீசினார். வண்டி நின்றது. அதில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் இருந்தார்கள்.

டிரைவர் தெலுங்கு கலந்து பேசுகிற வயதான மனிதர். என்ஜினில் ஏறி உட்கார், சூடாக இருக்கிறது, தண்ணீர் வடிந்த பிறகு போகலாம் என்று உன் நைனாவிடம் சொன்னாராம். இவரும் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாராம். அதன் பிறகு, ஊட்டுக்குள்ள தண்ணி பூந்திருக்கும், அவ தனியா கீறா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம். டிரைவர் இதைச் சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும்மா என்றார். பாதிப் பாலம் வரைக்கும் அவரைப் பார்த்ததாகவும், மழை கனத்து ஒரு நிமிஷம் எதுவும் தெரியாமல் போனதாகவும், மறுபடி தெரிந்தபோது அங்கே யாரும் இல்லை என்றும் சொன்னார்.

வேலைக்குப் போய் அவர் சாகவில்லை, கண்ணு. வேலை முடிந்திருந்தது. என்னிடம் திரும்பி வரும்போதுதான் போனார். குவாட்டர்ஸுக்குள் அன்றைக்குத் தண்ணீர் வரவே இல்லை.

உடல் கிடைக்கவில்லை. ஓடைத் தண்ணீர் எல்லாம் கிழக்கே பழவேற்காடு ஏரியில்தான் போய்ச் சேரும். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கருவாட்டுக் கூடை அனுப்புகிற ஒரு முஸ்லிம் வியாபாரி, உன் நைனாவுக்குப் பழக்கமானவர், தன் படகில் ஆள் போட்டு நாலு நாள் தேடினார். தினமும் இருட்டுவதற்குள் வந்து சொல்லிவிட்டுப் போவார். நாலாம் நாள், இது ஏன் எனக்கு நடந்தது பாய் என்று அவரிடம் கேட்டேன். "ஏன்னு எனக்குத் தெரியலம்மா. அல்லாவுக்குத்தான் தெரியும். நான் நாளைக்கும் போய்ப் பாக்குறேன்" என்றார். அந்த வாரம் என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரிலும், தெரியவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். சபையார் எல்லாரும் காரணத்தோடு வந்தார்கள். உன் புருஷனால் எத்தனை உயிர் பிழைத்தது பார், கர்த்தர் அவரைக் கருவியாக எடுத்தார் என்றார்கள். அந்த ரயிலில் இருந்த ஒவ்வொரு ஜீவனையும் கர்த்தர் பார்த்தார், என் வீட்டு ஜீவனை மட்டும் பார்க்கவில்லை என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெபித்தபோது நானும் கண்ணை மூடினேன். உள்ளே ஒரு சொல் இல்லை.

ஐந்தாம் நாள் தண்டவாளம் சரியாகி உன்னைக் கூட்டிவந்தார்கள். நீ அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை. என் மடியைப் பிடித்துக்கொண்டு, நைனா போறப்போ இன்னாம்மா சொன்னாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர் சொன்னதை உன்னிடம் எப்படிச் சொல்வேன். சொன்னால், நீ இன்னாம்மா சொன்னே என்று அடுத்துக் கேட்பாயே. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது: "கர்த்தர் எனக்கு முன்னே போகிறார், நான் பயப்படேன்னு சொன்னாரு." நீ உடனே அழுகையை நிறுத்தினாய். அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாய். பிறகு இரண்டு வாய் சோறு தின்றாய். அந்த இரண்டு வாய்ச் சோற்றைப் பார்த்து, இது போதும், இதோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அதோடு போகவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் நீ எழுந்து நின்று சொன்னாய். போதகர் அழுதார். ஆறு மாதத்தில் அந்த வார்த்தையைக் கல்லில் வெட்டி, உன் நைனா பெயரோடு ஆலயச் சுவரில் பதித்தார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நான் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூட வீட்டுக்கு வந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டக் கற்றதும் முதலில் ஓடுவது அந்தக் கல்லுக்குத்தான். நா, ன், நான், ப, ய, பய என்று என் பொய்யை எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். ஏழு வருஷமாக அதற்குச் சபாஷ் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால் இன்றும் கதவைத் தாழ் போடமாட்டேன். யாரோ சாக்கை உதறுகிற சத்தம் கேட்கும். எழுந்து பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். உன் நைனா போகும்போது பார்த்த அந்தப் பார்வை மட்டும் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு பிரசங்கம் பண்ணினாய். நன்றாகத்தான் பேசினாய். அந்த வார்த்தையை வைத்துப் பேசி, பயம் குடியிருக்கிற வீட்டில் விசுவாசம் தங்காது என்று முடித்தாய். பின்வரிசையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவரின் பெண்சாதி. அவருக்கு இருமலில் ரத்தம் வருகிறது. மெட்ராஸ் காசநோய் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ரயிலேறின பிறகு ஒரு சாயங்காலம் என்னிடம் வந்தாள். "உங்க ஊட்டுக்காரரு மாதிரி எனக்கு விசுவாசம் இல்லக்கா. ஆஸ்பத்திரின்னாலே எனக்கு கை காலு நடுங்குது. அதான் கர்த்தரு என் பக்கம் திரும்பல. பயம் போற வரிக்கும் உபவாசம் இருக்கேன். போனதும் அவரைக் கூட்டிக்கினு போறேன்" என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீட்டிலே அவர் இருமிக்கொண்டிருக்கிறார், இவள் பயம் போவதற்காகக் காத்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா. கஞ்சி கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கார்டு வந்தது. ஒரு மனுஷனைக் கர்த்தர் பெயரைச் சொல்லித் தண்ணீருக்குள் அனுப்பினேன். இப்போது அதே பெயரைச் சொல்லி இன்னொருவரை வீட்டுக்குள்ளேயே சாகவிடுகிறேன் என்று பட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து, உனக்கு இப்போது எழுதினதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"பயந்துகினேவா போனாரு?"

ஆமாம் என்றேன்.

"பயந்துகினே ரெண்டு கொடியும் நட்டாரா?"

நட்டார் என்றேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, பானையில் இருந்த சோற்றை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். புதன்கிழமை அவரைக் கொண்டுபோகிறேன் என்றாள்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் பயந்தார், வியர்த்தார், இந்தப் பாடுகளின் பாத்திரம் வேண்டாம் என்று பிதாவிடம் கேட்டார் என்று ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு லெந்து காலத்திலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். படம்கூட வரைந்து காட்டுவேன். அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் உன் நைனாவை உட்காரவைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நம் வீட்டில் விசுவாசம் பெரியதாக இருந்தது யாருக்கு என்று இப்போது என்னைக் கேட்டால், நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

புதன்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எஸ்தரையும் அவள் புருஷனையும் மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிடப் போனேன். அவர் நடக்க முடியாமல் மூட்டைமேல் சாய்ந்திருந்தார். ஜெபம் பண்ணுங்கக்கா என்றாள் எஸ்தர். அவர் பிழைப்பார் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. ஆண்டவரே, எங்களுக்கு பயமா கீது, இவங்க போறாங்க, நீங்களும் போங்க என்று மட்டும் சொன்னேன். ஆமென் சொன்னது அந்த இருமுகிற மனுஷன்தான். அவர் நிலைமை என்ன என்று இன்னும் சேதி இல்லை.

நேற்று போதகரிடமும் போய்ச் சொன்னேன். கல்லை எடுப்பதா வேண்டாமா என்பதை உன்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும் என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன். நீ உன் சாட்சியை எப்படிச் சொல்வாய், சொல்வாயா என்றும் எனக்குத் தெரியாது. நீ நின்றுகொண்டிருந்த தரையையே நான் உருவிவிட்டேன் என்று தெரிகிறது. படிப்பே வேண்டாம் என்று நீ திரும்பி வந்தாலும் உனக்கு இங்கே சோறு இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நீ நம்புகிறாயா அம்மா என்று கேட்பாய். அந்த ஓடைக்கு மேலே, மழை கனத்த அந்த ஒரு நிமிஷத்தில், நீர் அவரோடு இருந்தீரா இல்லையா என்று தினமும் காலையில் கர்த்தரிடம் கேட்கிறேன். பதில் வந்ததில்லை. கேட்காமல் எழுந்திருக்கவும் முடிவதில்லை. கோபத்தோடு கேட்ட நாள் உண்டு, கர்த்தர் முகத்தையே பார்க்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாள் உண்டு. மறுநாள் மறுபடி அவரிடம்தான் போகிறேன். இதற்கு விசுவாசம் என்று பெயரா என்பதை நீதான் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். அதைக் கார்டில் எழுதாதே, போஸ்ட்மேன் படித்துவிடுவார். கவரில் எழுது. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, நான் உட்கார்ந்து முழுவதும் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா